அலாஸ்கா என்ற அலமேலு

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் பரணில் கிடக்கும் மழைக்கோட்டுகளை எடுத்து உதறுவது எங்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கும் காரியம். போர்ட் பிளேரில் பாதி வருடத்துக்கு மேல் மழை, மிச்ச நாளெல்லாம் பூசணம். இந்த மே மாதம் அப்படி உதறும்போது என் மனைவி ஒரு பழைய நீலக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மணிக்கட்டில் சர்ரென்று ஒட்டிப் பிரியும் பட்டை இருக்கிறதல்லவா, அதன் முட்களுக்குள் வெள்ளை முடி கொத்தாகச் சிக்கியிருந்தது.

"யாரு முடி இது? வயசான பொம்பள முடி மாதிரி இருக்கு" என்றாள்.

நாய் முடி என்றேன். நாம்தான் நாயே வளர்த்ததில்லையே என்றாள். அதுவும் சரிதான். அது என் நாய் இல்லை. அது மட்டும் என் நாயாக இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

கோட்டை மூக்கருகே கொண்டுபோனேன். பூசண வாடைதான் வந்தது. எனக்கு என்னவோ ஐஸும் மீனும் கலந்த வாடை அடித்தது. ஜங்ளிகாட் மீன் துறையில், பெட்டியில் போட்டு மிச்சமான உடைந்த ஐஸைச் சாக்கில் அள்ளித் தருவார்கள். அந்த ஐஸில்தான் அவள் படுத்திருப்பாள். பூனைகள் அவளைப் பின்தொடர்ந்து வரும். உலகத்திலேயே பூனைகள் பின்தொடர்ந்த ஒரே நாய் அவளாகத்தான் இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மாயாபந்தரிலிருந்து வந்து டெலானிபூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தானுக்கு மின்சாரத் துறையில் வேலை, அரசாங்கக் குடியிருப்பு. நான் ஒரு அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வனக்காவலர் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தேன். எழுத்தெல்லாம் எனக்கு வரும், கால்தான் வராது. முந்தின தடவை ஓட்டத் தேர்வில் பாதி தூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றவன், அப்படியே திரும்பி நடந்து, ஓரமாக இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். கால்சட்டையோடும் மார்பில் குத்திய எண்ணோடும் டீ குடித்தவனை அந்தக் கடைக்காரர் ரொம்ப நாள் ஞாபகம் வைத்திருந்தார்.

அதனால் காலையில் ஓடிப் பழகலாம் என்று டெலானிபூர் மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தீவில் கோடையில் நாலரைக்கே வெளுத்துவிடும். தில்லியில் இருக்கிறவர்கள் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்கிற நேரத்தில் இங்கே வெயில் வந்து கதவைத் தட்டும். அந்த நேரத்தில்தான் முருகேசன் அண்ணனைப் பார்ப்பேன். பார்ப்பேன் என்பதைவிட, ஒரு பெரிய வெள்ளைச் சாம்பல் நாய் அவரை இழுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பேன்.

அண்ணன் நாற்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா, அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபார் பக்கம் கச்சல் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவர் சின்ன வயதிலேயே போர்ட் பிளேருக்கு வந்து அதிகாரிகளுக்கு ஜீப் ஓட்டத் தொடங்கிவிட்டார். மேலதிகாரி யாராயிருந்தாலும் அவருக்குத் 'தொரை'தான். அப்போதைய தொரை வடக்கே இருந்து மாற்றலில் வந்தவர். தொரையின் மகள் ஆசைப்பட்டாள் என்று ஹஸ்கி நாயை வாங்கி, இந்த ஈரப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பனியில் வண்டி இழுக்கிற சாதி அது. இங்கே அது ஏசி அறையில் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நீலக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் தலையை நிமிர்த்திப் பதிலுக்கு ஊளையிடும். அக்கா அதைக் கேட்டாலே வாசலைச் சாத்திக்கொள்வாள்.

அந்த வீட்டார் வைத்த பெயர் அலாஸ்கா. அண்ணனுக்கு அது நாக்கில் நிற்கவில்லை. அலாக்கா, அலமக்கா என்றெல்லாம் சுற்றிக் கடைசியில் அலமேலுவில் வந்து நின்றது. தொரை இல்லாதபோது அலமு.

ஒரு ஏப்ரலில் தொரைக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. கோடையில் விமானத்தில் ஏற்றினால் நாய் தாங்காது, கப்பலில் மூன்று நாள் அதைவிடக் கஷ்டம், குளிர்காலம் வந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லி அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் சரி என்றார். அவருக்கு வேறு வார்த்தை பழக்கமில்லை. இருபது வருடம் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து பின்சீட்டுக்குச் சரி, சரி என்றே பதில் சொல்லி வந்தவர்.

அப்படித்தான் அலமு புரோத்ராபூரில் அண்ணனின் தகரக் கூரை வீட்டுக்கு வந்தாள். ஏசி போய், குளியலறைச் சிமெண்டுத் தரையும் மேசை விசிறியும் மீன் ஐஸும் வந்தன. அண்ணனின் மனைவி முதல் மாதம் முழுக்கப் புலம்பினார். சோற்றில் முடி, துவைத்த துணியில் முடி, சாமி படத்து மாலையிலும் முடி. அலமு ஒரு நாள் கோழியைப் பிடித்தாள், இன்னொரு நாள் வேலியைப் பிடுங்கினாள். கால்நடை மருத்துவரிடம் கேட்டதற்கு, இது ஓடுகிற சாதி, ஓடாவிட்டால் வீட்டைத் தின்னும், ஆனால் வெயிலில் மட்டும் கூடாது என்றாராம். அண்ணனுக்கு முழங்கால் வலி. ஒரு நாள் பஜாரில் என்னைப் பார்த்தார்.

"தம்பி, சும்மா ஓடுறதுதானே ஓடுறீங்க. இவளையும் கூட்டிட்டு ஓடுனா என்ன?"

இப்படித்தான் நான் நாயோடு ஓட ஆரம்பித்தேன். வெளிநாட்டில் இது ஒரு விளையாட்டாகவே இருக்கிறது என்று பிறகுதான் போனில் பார்த்தோம். இடுப்பில் பட்டை, நாய்க்கு மார்க்கவசம் மாதிரி ஒரு வார், நடுவில் இழுபடும் கயிறு. நாய் முன்னால் இழுக்க, மனிதன் பின்னால் ஓட வேண்டும். அங்கே அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. எங்களுக்கு அத்தான் இருந்தார். மின்கம்பம் ஏறும்போது இடுப்பில் கட்டுவார்களே, அந்தத் தடித்த பெல்ட்டில் பழசு ஒன்றைக் கொடுத்தார். அது இரண்டு கிலோ இருக்கும். நாய்க்கு வேண்டிய வாரை, கழித்துப்போட்ட ஜீப் சீட் பெல்ட்டிலிருந்து அபர்டீன் பஜாரில் பை தைப்பவர் தைத்துக் கொடுத்தார். எருமைக்கா என்று கேட்டாராம். நடுவில் பைக் ட்யூபை வெட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டோம்.

முதல் நாள் நான் ஓடவே இல்லை. என்னைக் கொண்டுபோனாள். அண்ணன் வீட்டருகே பாக்குத் தோப்பு வழியாக ஒரு செம்மண் பாதை மேட்டில் ஏறி, காட்டு ஓரமாக வளைந்து, ஓடையைத் தாண்டி வயலில் இறங்கும். அந்த வளைவில் நான் குப்புற விழுந்து, விழுந்தபடியே பத்தடி போனேன். களை பறித்துக்கொண்டிருந்த வங்காளி அம்மா ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சங்கடம் மொழி. தொரை வீட்டில் அவளிடம் இந்திதான் பேசுவார்கள். கிளம்ப 'சலோ', நிற்க 'ருக்கோ', வலப்பக்கம் 'தாயே', இடப்பக்கம் 'பாயே'. நிற்கச் சொன்னால் அவள் நின்றதே இல்லை. ஆனால் வலம், இடம் மட்டும் துல்லியமாகக் கேட்பாள். ஆகவே நான் தினமும் விடியற்காலையில் தோப்புக்குள் மூச்சு வாங்க, "தாயே, தாயே" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்தப் பக்கம் குடியிருந்த நம்மவர்கள் சிலர் எனக்கு அருள் வந்திருக்கிறது என்று நினைத்து ஓரம் ஒதுங்கினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதும் உண்டு.

ஒரு மாதத்தில் பிடிபட்டது. இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும், ஏற்றத்தில் அவளுக்கே விட்டுவிட வேண்டும். கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும், அது தொய்ந்தால் எதுவோ சரியில்லை. அண்ணன் ஸ்கூட்டரில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். அவரிடம் சில கட்டளைகள் இருந்தன. பாக்கு மர உச்சியில் வெயில் படுவதற்குள் முடித்துவிட வேண்டும். கிளம்பும்போதும் வந்தபிறகும் அவள் காதைத் தொட்டுப் பார்ப்பார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். ஈறு சிவந்திருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. மார்ச், ஏப்ரலில் ஓட்டமே இல்லை. பிறகு மழை வரும். மழையில் அவளைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். காதெல்லாம் அட்டை தொங்க, வயிறு வரை சேறு அப்ப, அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள் என்றுதான் சொல்வேன். அந்த நீலக் கோட்டு அப்போது போட்டதுதான்.

என் கால்களும் மாறின. கெண்டைக்கால் கல்லானது. அக்கா, "கம்பம் ஏறப் போறது நீயா, உங்க அத்தானா" என்றாள்.

குளிர்காலம் வந்தது. தொரை வீட்டிலிருந்து கூப்பிடவில்லை. அண்ணன் இரண்டு தடவை போன் செய்தார், பார்க்கலாம் என்றார்களாம். அண்ணன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அன்று பாதிக் கிலோ கறி வாங்கிக்கொண்டு போனார். முன்பு புலம்பிய அண்ணி தனியாக ஒரு சட்டியில் அவளுக்கு மஞ்சள் போட்டு வேகவைத்தார்.

இன்னொரு வருடம் போய், அடுத்த ஜனவரியில்தான் அந்தப் போட்டி வந்தது. ஏதோ ஒரு சங்கம் புரோத்ராபூர் வழியாக வயலும் காடுமாக ஓடும் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தது. எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, தொடக்கத்தில் நாயோடு ஒரு சுற்று ஓடிக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். காலை ஆறு மணிக்கு என்றதால் அண்ணனும் சரி என்றார். அவளுக்கும் ஒரு எண் அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் அதற்கு முந்தின நாள் முடி வெட்டிக்கொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் புத்தி அன்று எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆறு மணி ஏழானது. பந்தலில் பிஸ்கட் கொடுத்தார்கள். ஏழு எட்டானது. அண்ணன் அலமுவை ஒரு மாமர நிழலில் படுக்கவைத்து ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எட்டரைக்கு மேல் விருந்தினர் வந்து, பேசி, கொடியைக் கையில் வாங்கும்போது ஒன்பதை நெருங்கிவிட்டது. இங்கே அந்த நேரத்து வெயில் என்பது உங்கள் ஊர்ப் பத்து மணி வெயில். முந்தின இரவு மழை பெய்திருந்ததால் தரையிலிருந்து ஆவி கிளம்பியது. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். அந்தமானிலேயே முதல் முறையாக என்றார்கள். நூறு பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

நான் கயிற்றை வாங்கக் கை நீட்டினேன். அண்ணன் கொடுக்கவில்லை. அவள் காதைப் பிடித்தபடியே இருந்தார்.

"வேணாம் தம்பி. வெயில் ஏறிருச்சு."

"ஒரே ஒரு சுத்துதான் அண்ணே. மெதுவாத்தான் போவேன்."

"வேணாம்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் கையிலிருந்து கயிற்றை எடுத்து என் பெல்ட்டில் மாட்டினேன். எடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் கொடுக்கவில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் வேண்டாம் என்று சொல்லி என் காதில் விழுந்தது அந்த ஒரு தடவைதான்.

மெதுவாகப் போகவில்லை. அத்தனை பேர் கத்தும்போது அவளும் மெதுவாகப் போகவில்லை, நானும் பிடிக்கவில்லை. தோப்பு வரை நன்றாக இருந்தது. மேட்டில் பாதி ஏறியபோது கயிறு தொய்ந்தது. எனக்குத் தெரிந்தது. நின்றிருக்கலாம். வளைவுக்கு அந்தப் பக்கம் கேமராவோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் "சலோ, அலமு" என்றேன். அவள் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு இழுத்தாள். கயிறு மறுபடி விறைத்தது. வளைவைத் தாண்டி முப்பதடி இழுத்திருப்பாள். பிறகு குடிகாரன் மாதிரி பின்னங்கால் ஒரு பக்கம் போனது, அப்படியே சரிந்தாள்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. மூச்சு ரம்பம் அறுப்பது போலக் கேட்டது. வாளியோடு அண்ணன் வரவில்லை. போட்டிக்காகப் பாதையை மறித்து மூங்கில் கட்டியிருந்தார்கள், ஸ்கூட்டரை விடவில்லை. அவர் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு, வலிக்கிற முழங்காலோடு வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார். வந்து சேர்ந்தபோது வாளியில் பாதிதான் இருந்தது. நாங்கள் அவளைத் தூக்கி ஓடையில் கிடத்தினோம். ஜனவரி ஓடை, கணுக்கால் அளவு தண்ணீர். அவர் கையால் மொண்டு மொண்டு ஊற்றினார். என்னைப் பார்க்கவே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மருத்துவர் வீட்டிலிருந்து லுங்கியோடு வந்து ஊசி போட்டு, சலைன் ஏற்றினார். "இத்னி தூப் மே?" என்று ஒரு தடவை கேட்டார். இவ்வளவு வெயிலிலா என்று. நண்பகலுக்குச் சற்று முன் அவள் போய்விட்டாள்.

அண்ணி அவளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். அந்தச் சேறெல்லாம் போகும் வரை தேய்த்தார், தேங்காய்ப்பூத் துண்டால் துடைத்தார். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார். நான் மண்வெட்டிக்குக் கை நீட்டினேன். அவர் கோபமாகத் தட்டிவிடவில்லை, பிடியை விடவுமில்லை, அவ்வளவுதான். வேர் குறுக்கிட்ட இடத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு அரிவாளால் வெட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் சட்டையில் அந்த எண் அப்போதும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஓட்டத் தேர்வு நடந்தது. நான் நான்காவதாக வந்தேன். வேலை கிடைத்தது. இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு அந்தக் கால்கள் கொடுத்தது, அந்தக் கால்கள் அவள் கொடுத்தவை. இதை யாரிடமும் இப்படி நேராகச் சொன்னதில்லை.

உத்தரவு கையில் வந்தபிறகும் அண்ணன் வீட்டுக்குப் போக எனக்குக் கால் எழவில்லை. மாயாபந்தருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் போனேன். அண்ணன் உம்மென்ற முகத்தோடு இல்லை, சாதாரணமாகவே வாங்க தம்பி என்றார். நாற்காலி போட்டார். அண்ணி டீ கொண்டுவந்தார். அப்போது அண்ணன் போன் அடித்தது. தொரையின் மகள். அவள் அப்பாவுக்கு மலைப்பக்கம் மாற்றலாகியிருக்கிறது, அங்கே நல்ல குளிர், இனி அலாஸ்காவைக் கூட்டிக்கொள்ளலாம் என்கிறாள். போன் சத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது. அண்ணன் அதைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி."

நான் வாங்கினேன். அலாஸ்காவுக்குக் காய்ச்சல் வந்தது, மருத்துவர் முயன்று பார்த்தார், முடியவில்லை என்று இந்தியில் சொன்னேன். அந்தப் பெண், கஷ்டப்பட்டாளா என்று கேட்டாள். இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். போனை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நா வேணாம்னு சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்கண்ணே."

"ஞாபகம் இருக்குல்ல. அது போதும்."

அதற்குப் பிறகு டீ ஆறுவதைப் பற்றி ஏதோ பேசினோம்.

மாயாபந்தர் பக்கம் ஏழு வருடம் காட்டில் இருந்தேன். போர்ட் பிளேருக்கு வரும்போதெல்லாம் புரோத்ராபூர் போக வேண்டும் என்று நினைப்பேன். இரண்டு தடவை போனேன். அதில் ஒரு தடவை அவர் வீட்டில் இல்லை. பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். செய்தி கிடைத்து நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தன் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி அண்ணி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கம் என்றார். அதுவரை அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை.

அண்ணிதான் சொன்னார். நான் போனில் பேசிவிட்டுப் போன மறுநாள் அண்ணன் தொரையைத் தானே கூப்பிட்டாராம். காய்ச்சல் எல்லாம் இல்லை தொரை, நான்தான் வெயிலில் கூட்டிக்கொண்டு போய்விட்டேன், என் தப்பு என்று சொன்னாராம். தொரை கன்னாபின்னாவென்று திட்டினாராம். அண்ணன் சரி, சரி என்று கேட்டுக்கொண்டாராம்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கன்னு கேட்டேன் தம்பி. அந்தப் புள்ள பொய்ய நம்பிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னாரு. ஒங்க பேரச் சொன்னா ஒங்க வேல போயிரும்னு வேற அவருக்கு ஒரு பயம்."

அப்படியெல்லாம் வேலை போகாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது நான் போர்ட் பிளேருக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். அந்தப் பாக்குத் தோப்பு இல்லை. மேட்டைப் பாதியாகச் சீவிச் சாலை போட்டிருக்கிறார்கள். ஓடை ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் போகிறது. அண்ணன் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி எழும்பி, கீழே டைல்ஸ் கடை நடக்கிறது. குழி வெட்டிய இடம் எது என்று நிதானிக்க முடியவில்லை. கடையின் பின்சுவருக்கு வெளியிலா, உள்ளேயா என்று கூடத் தெரியவில்லை.

மழைக்கோட்டு உதறிய அன்று மாலையில் பழைய டைரியில் தேடி, அண்ணனிடமிருந்து எப்போதோ குறித்துவைத்த தொரை வீட்டு எண்ணைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகியிருக்கும். வெயிலில் ஓட்டியது அண்ணன் இல்லை, நான்தான் என்று சொல்ல இந்தியில் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு கூப்பிட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று முதலில் இந்தியிலும் பிறகு ஆங்கிலத்திலும் ஒரு குரல் சொன்னது. எண்ணைச் சரிபார்த்து மறுபடியும் கூப்பிட்டேன். அதே குரல்தான்.